எடைக்கு எடை ஒரு ரம்பம்

எங்கள் வீட்டுக்குள் ஒரு கிலோ சாமான் வர வேண்டுமென்றால் ஒரு கிலோ சாமான் வெளியே போயாக வேண்டும். என் கணவர் போட்ட சட்டம் இது. அவருக்கு விமான நிலையத்தில் வேலை. பயணிகளின் பெட்டிகளை எடை போட்டு, "சார், ரெண்டு கிலோ கூடுது" என்று நாள் முழுவதும் புன்னகையோடு சொல்ல வேண்டும். அந்த வாய் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. இந்தச் சின்ன ஃபிளாட்டுக்குக் குடி வந்த அன்றே வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு எடை மெஷினை வைத்துவிட்டார்.

வெளியே போகும் சாமானுக்கும் ஓர் இடம் உண்டு. கட்டடத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் பக்கத்தில் ஓர் அலமாரி. வேண்டாததை அங்கே வைக்கலாம், வேண்டியவர்கள் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தது எடுத்ததுதான், திருப்பிக் கேட்கக் கூடாது. கட்டடத்தில் எல்லோரும் மதிக்கும் ஒரே விதி அதுதான்.

இந்தச் சட்டத்துக்குள் அடங்கித்தான் நான் கருவிகள் சேர்த்தேன்.

முதலில் வந்தது ஒரு ட்ரில். கண்ணாடி ஒன்றை மாட்டத்தான் வாங்கினேன். வயர் கிடையாது, பேட்டரியில் ஓடும் நீல நிற ட்ரில். மாட்டி முடித்ததும் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. அதன் கழுத்தில் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும். சிறிய எண்ணில் வைத்தால், திருகு கொஞ்சம் இறுகியதுமே ட்ரில் 'கடகட'வென்று சொல்லி விலகிக்கொள்ளும். பெரிய எண்ணில் வைத்தால் விடாப்பிடியாகத் திருகும். எவ்வளவு பிடிவாதம் வேண்டும் என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். மனிதர்களுக்கு இப்படி ஒரு வளையம் இருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்!

அதைவிட என்னைக் கவிழ்த்தது பேட்டரிதான். எனக்குக் காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை. மிளகளவு பேட்டரிகளோடு மல்லுக்கட்டுகிறவள். இந்தப் பேட்டரியோ ஒரு செங்கல் துண்டு போல இருந்தது. அதற்குள்ளே கட்டைவிரல் பருமனில் சின்னச் சின்ன பேட்டரிகள் வரிசையாகக் கைகோத்து நிற்கும். ஐந்து பேர் வரிசையாக நின்றால் ஒரு ட்ரில்லுக்கு வேண்டிய வலு கிடைத்துவிடும். பெரிய பேட்டரியில் அதே ஐந்து பேருக்குப் பின்னால் இன்னொரு ஐந்து பேர் நிற்பார்கள். வலு அதேதான், ஆனால் வேலை நேரம் இரட்டிப்பு. முக்கியமான விஷயம், அந்த நீலக் கம்பெனியின் எல்லாக் கருவிக்கும் இதே பேட்டரி பொருந்தும். பச்சைக் கம்பெனியின் கருவிக்குள் அது நுழையவே நுழையாது. அதனால்தான் முதல் கருவி வாங்குவது கிட்டத்தட்டக் கல்யாணம் மாதிரி. ஒரு நிறத்துக்கு வாக்கப்பட்டால் ஆயுசுக்கும் அதே நிறம்தான். ஆனால் ஒரு வசதி, அடுத்தடுத்த கருவிகளைப் பேட்டரி இல்லாமல், கடைக்காரர்கள் சொல்வதுபோல, 'வெறும் பாடி'யாக வாங்கலாம். எடையும் குறைவு. எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயமா?

பழைய இஸ்திரிப் பெட்டியும் ஓட்டை வாளியும் வெளியே போயின, திருகுகளைத் தட்டித் தட்டி இறுக்கும் இம்பாக்ட் ட்ரைவர் உள்ளே வந்தது. சக்கரம் உடைந்த சூட்கேஸ் போனது, மரத்தைத் தேய்க்கும் சாண்டர் வந்தது. சாண்டர் வந்த பிறகு எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. வீட்டிலிருந்த எல்லாக் கதவையும் தேய்த்தேன். வந்த மரத்தூளைப் பையில் கட்டி மெஷினில் வைத்தேன்.

"இது என்ன?" என்றார்.

"வெளிய போற சாமான்."

"தூசிக்கெல்லாம் எடை கிடையாது."

"மெஷின் காட்டுதே."

குனிந்து எண்ணைப் பார்த்தார். சட்டம் போட்டவராயிற்றே, என்ன செய்வார்? "நீ கருவியை வெச்சே வீட்டைக் கரைச்சு, அந்த எடைக்கு இன்னொரு கருவி வாங்கிடுவே போலிருக்கே, மகராசி!" என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் நாத்தனார் ஃபோன் செய்தாள். அவருக்கு ஒரே தங்கை, செல்லப் பெயர் சுண்டெலி. பிசியோதெரபிஸ்ட். படித்து முடித்ததிலிருந்து ஊர் ஊராக விடுதி அறைகளில், பெட்டியைப் பிரிக்காமலேயே வாழ்கிறவள்.

"அண்ணி, உங்க ஊர் ஆஸ்பத்திரில கூப்பிடறாங்க. இன்னொரு ஊர்லயும் கூப்பிடறாங்க, அங்க தங்க ரூமும் தராங்க. ஞாயித்துக்கிழமை வந்து உங்க சின்ன ரூமைப் பார்க்கறேன். ஒரு கதவு, ஒரு கட்டில், ஒரு மேசை. இது மூணும் இருந்தா உங்களோட இருந்துடறேன். இல்லேன்னா வருத்தப்படக் கூடாது, திங்கக்கிழமை அங்க சரின்னு சொல்லிடுவேன்."

ஃபோனை வைத்த பிறகு அவர் அந்தச் சின்ன அறையின் நடுவில் போய் நின்றார். இரண்டு கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும்.

"கட்டில் போட்டா மேசை கிடையாது. மேசை போட்டா கட்டில் கிடையாது" என்றார். குரல் இறங்கிவிட்டது. தங்கை என்றால் அவருக்கு உயிர். எனக்கும் அவள் நாத்தனார் என்பதைவிட சிநேகிதி. அவள் வந்தால் வீடே ஓர் அங்குலம் தரையிலிருந்து எழும்பும்.

"கட்டிலை மேல தூக்கிட்டா?" என்றேன்.

உயரமான நாலு கால், மேலே படுக்கை, கீழே மேசை. அன்றே வரைந்துவிட்டேன். மரக்கடையில், "வெட்டித் தரட்டுமாம்மா?" என்று கேட்டார்கள். கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் எனக்குத்தான் தலைக்கனம். "வேண்டாங்க, நானே வெட்டிக்கறேன்" என்றேன். வட்ட ரம்பம் ஒன்று வாங்க இதைவிட நல்ல சாக்கு எப்போது கிடைக்கும்?

வாங்க வேண்டுமானால் அதன் எடைக்கு எதையாவது வெளியேற்ற வேண்டுமே. வீட்டைச் சலித்துப் பார்த்தேன். அவருடைய டம்பெல்ஸைத் தேடினேன், அது ஏற்கெனவே காணவில்லை. உடற்பயிற்சிக்கு முழுக்குப் போட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். பரண்மேல் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. 'கல்லூரிப் புத்தகங்கள்' என்று அவர் கையெழுத்து. "அடுத்து வெளிய போக வேண்டியது அதுதான்" என்று அவரே போன மாதம் சொன்னதுதான். இறக்கி மெஷினில் வைத்தேன். புத்தகப் பெட்டிக்கு எடை குறைவாகத்தான் இருந்தது. கல்லூரியில் அவ்வளவுதான் படித்திருப்பார் என்று விட்டுவிட்டேன். ஆச்சரியம் என்னவென்றால், மெஷின் காட்டிய எண் வட்ட ரம்பத்தின் எடைக்கு ஒரு கைப்பிடிதான் அதிகம். தெய்வமே தராசைப் பிடித்த மாதிரி இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே அலமாரியில் வைத்துவிட்டு, லிஃப்டிலேயே நின்றபடி ஃபோனில் ரம்பத்துக்கு ஆர்டர் போட்டேன். வெறும் பாடிதான்.

வெள்ளிக்கிழமை வர வேண்டிய ரம்பம் வரவில்லை. திங்கள்கிழமை வரும் என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

எங்கள் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது. சனிக்கிழமையும் ஆறு மணி வரைதான். இந்த நேரக் கட்டுப்பாடே எங்களுக்கு நேர் மேல் வீட்டில் இருக்கும் பல் டாக்டர் கேட்டு வாங்கியதுதான். "நாள் முழுக்க கிளினிக்கில் கேக்கறேன், வீட்லயும் ட்ரில் சத்தமா?" என்று கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவார். நியாயம்தான். ஆனால் அவர் வீட்டிலிருந்தும் கொஞ்ச நாளாகக் காலையில் 'தொம், தொம்' என்று எதையோ போடும் சத்தம் எங்கள் தலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் குழுவில் எழுதினேனா? பெருந்தன்மையாக இருந்தேன்.

சனிக்கிழமை காலை கைரம்பத்தை எடுத்து, கட்டிலுக்கான ஒரு காலை அறுத்தேன். நீளமான கட்டையில் இருபுறமும் கோடு போட்டு, மூச்சு வாங்க வாங்க அறுத்து முடித்தபோது என் தோள் கழன்று அடுத்த தெருவில் கிடந்தது. வெட்டு, மலைப்பாதை மாதிரி வளைந்திருந்தது. இன்னும் கால்கள், குறுக்குக் கட்டைகள், சட்டங்கள், ஒட்டுப்பலகை என்று எல்லாம் முழுசாக நடு வீட்டில் படுத்திருந்தன.

"முடியாது. சுண்டெலி கிட்ட சொல்லிடலாம்" என்றேன். அழுகை வரும்போல இருந்தது.

இவர் மட்டும் சிரித்துக்கொண்டே நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சிரிப்பு?"

"கொஞ்சம் கண்ணை மூடிக்கோ."

"விளையாடற நேரமா இது?"

"மூடிக்கோன்னா மூடிக்கோயேன்." நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பரண் கதவு திறந்தது. அப்புறம் சாமான்களை நகர்த்தி நகர்த்தித் தேடும் சத்தம்.

"இங்க ஒரு பெட்டி இருந்துச்சே?"

"எது? புத்தகமா? அதை அன்னைக்கே கீழ வெச்சுட்டேனே. ரம்பத்தோட எடைக்குச் சரியா இருந்துச்சு."

நாற்காலியிலிருந்து அவர் இறங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்தார்.

"சரியாத்தான் இருக்கும்" என்றார் மெதுவாக. "அது ரம்பம்தான்."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல எல்லாம் சேர்ந்து புரிந்தது. அவர் எனக்குத் தெரியாமல் வாங்கி, புத்தகங்களை ஆபீஸ் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டிக்குள் ஒளித்து வைத்த ரம்பத்தை எடை போட்டு வெளியே தள்ளிவிட்டு, அதே எடைக்கு அதே ரம்பத்தை நான் வாங்கியிருக்கிறேன்.

"அப்போ டம்பெல்ஸ்?"

"ரம்பம் உள்ள வந்துச்சில்ல? அதுக்குப் பதிலா கீழ அலமாரிக்குப் போச்சு. சட்டம்னா எனக்கும்தானே."

இந்த மனுஷனை என்ன செய்வது? திட்டுவதா, கட்டிக்கொள்வதா? இரண்டையும் செய்தேன். செய்துகொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தால் பல் டாக்டர். சத்தத்துக்குச் சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ இரண்டு கையிலும் குழந்தையை ஏந்துவதுபோல ஒரு நீல வட்ட ரம்பத்தை ஏந்திக்கொண்டு நின்றார்.

"மன்னிக்கணும். உங்க ட்ரில் இதே நீலம்தானே? இதுக்குப் பொருந்தற பேட்டரி ஒண்ணு இருக்குமா?"

நாங்கள் இருவரும் வாயைத் திறந்தபடி நின்றோம். பல் டாக்டர் முன்னால் அப்படி நிற்பது இயல்புதான் என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கீழ அலமாரில புத்தகம்னு போட்டிருந்துச்சு. படிக்கலாமேன்னு எடுத்தேன். திறந்து பார்த்தா இது! பேட்டரி இல்ல. மூணு நாளா கைல பிடிச்சுட்டு நானே வாயால 'டுர்ர்'னு சத்தம் போட்டுட்டு இருக்கேன். வீட்ல பயப்படறாங்க."

"டாக்டர், அது என்னோடது" என்றார் இவர்.

டாக்டர் ரம்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "அலமாரில இருந்து எடுத்தது எடுத்ததுதான். விதி இருக்கு."

"டாக்டர் சொல்றது சரிங்க" என்றேன். "டாக்டர், ரம்பம் உங்ககிட்ட இருக்கு, பேட்டரி எங்ககிட்ட இருக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் வெட்டும். வெட்டறதுக்கு மரமும் எங்ககிட்டதான் இருக்கு." கதவை அகலத் திறந்து நடு வீட்டைக் காட்டினேன்.

அவர் கண்கள் பலகைகள்மேல் போயின. தாடை தொங்கிப்போனது. "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஆனா சத்தம் வருமே, உங்களுக்குப் பிடிக்காதே."

"அது வேற சத்தம்மா" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

பேட்டரியை உள்ளே தள்ளினேன். 'க்ளிக்' என்றது. அந்த 'க்ளிக்'கில் எனக்கு ஏற்படும் சந்தோஷத்தை விளக்க முடிந்தால் விளக்கியிருப்பேன். மற்றதை விளக்கினேன். "டாக்டர், இந்த ரம்பத்தோட பல் முன்பக்கம் கீழிருந்து மேல வெட்டிட்டு வரும். அதனால சிலாம்பு எல்லாம் மேல்பக்கம்தான் பிய்க்கும். நல்ல முகம் கீழ இருக்கற மாதிரி பலகையைக் கவுத்துப் போடணும். ரம்பத் தகட்டை, பலகையோட கனத்துக்கு ஒரு நகக்கண் அளவு அதிகமா மட்டும் இறக்கணும். அப்புறம் ஒரு நேர் சட்டத்தை ஓரமா இறுக்கிப் பிடிச்சு..."

"டாக்டர், ஜாக்கிரதை" என்றார் இவர். "இவ ஆரம்பிச்சா அந்த ரம்பமே தேவையில்ல. கேட்டுட்டே இருந்தா பலகை தானா அறுந்துடும்."

ஆனால் டாக்டர் மாணவனைப் போலக் கேட்டார். கண்ணாடி, முகமூடி எல்லாம் அவரே கொண்டுவந்திருந்தார். முதல் வெட்டுக்குக் குனிந்தபோது பலகையைப் பார்த்து, பழக்க தோஷத்தில், "கொஞ்சம் கூசும், ஒண்ணும் பயமில்ல" என்றார். விசையை அழுத்தினார். ரம்பம் பாடிக்கொண்டு ஓடியது. தூள் பறந்தது. இரண்டு துண்டுகளும் அழகாகப் பிரிந்து படுத்தன. கத்தி வைத்து வெட்டிய வெண்ணெய் மாதிரி நேரான வெட்டு! டாக்டர் நிமிர்ந்து, கட்டடமே கேட்கும்படி சிரித்தார்.

அப்புறம் வீடு ஒரு ஆட்டம் போட்டது. இவர் பிடிக்க, டாக்டர் வெட்ட, நான் அளந்து கோடு போட்டேன். அவ்வப்போது ரம்பத்தை நான் பிடுங்கி ஒரு வெட்டு வெட்டிக்கொண்டேன். டாக்டர் வரிசையில் நிற்கும் குழந்தைபோல, "இப்ப என் முறை, இப்ப என் முறை" என்றார். இரண்டு பேட்டரி இருந்ததால் ஒன்று சார்ஜாக, ஒன்று ஓடும். ஆனால் வட்ட ரம்பம் பெருந்தீனிக்காரன். ட்ரில் ஒரு வாரம் வைத்துத் தின்பதை அது ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். கடைசி ஒட்டுப்பலகையின் பாதியில் ரம்பம் நின்றுபோனது. சற்று முன்புதான் காலியாகி, ரம்பத்திலிருந்து கழற்றிய இன்னொரு பேட்டரியும் தொட்டால் சுடுகிற சூட்டில் இருந்தது. சார்ஜரில் வைத்தால் விளக்கு சிமிட்டி 'மாட்டேன்' என்றது. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது.

"ஃப்ரிட்ஜில வெச்சுடறேன்" என்று இவர் ஓடினார்.

"ஐயோ, வேண்டாம்! குளிர்ல இருந்து எடுத்தா வேர்க்கும். உள்ள தண்ணி பட்டா போச்சு. சூடா இருக்கும்போது தீனி வாங்கிக்காது, அவ்வளவுதான். விசிறிக் காத்துல வெச்சா தானா ஆறிடும்."

மேசை விசிறிக்கு முன்னால் பேட்டரியை வைத்து, மூன்று பெரிய மனிதர்களும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்ப்பதுபோல டாக்டர் அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஒருவழியாக விளக்கு சிமிட்டலை நிறுத்தி நிலையாக எரிந்தது. பாதிப் பலகைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் ஏற்றி, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கடைசி வெட்டை முடித்தோம். குழுவில் கீழ் வீட்டுக்காரர் எழுதியிருந்தார்: 'இன்று ஒரே சத்தம், டாக்டர் ஊரில் இல்லையா?'

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேருமாகக் கட்டினோம். இம்பாக்ட் ட்ரைவர் சுத்தியல்போலத் தட்டித் தட்டி இறுக்கும், ஊரைக் கூட்டிவிடும். அதனால் ட்ரில்லிலேயே மெதுவாகத் திருகினேன். கட்டில் எழுந்து நின்றது. கை வைத்து ஆட்டினேன்.

ஆடியது.

ஒரு கால் ஒரு தகட்டின் கனத்துக்குக் குட்டை. பார்த்ததுமே காரணம் புரிந்தது. ரம்பம் வெட்டும்போது தன் தகட்டின் கனத்துக்கு மரத்தைத் தின்றுவிடும். ஒரே கட்டையில் அடுத்தடுத்து இரண்டு காலுக்குக் கோடு போட்டால் நடுவில் அந்தத் தீனிக்கு இடம் விட வேண்டும். நான் விடவில்லை. இதை டாக்டருக்கு அரை மணி நேரம் விளக்கிய வாயும் என்னுடையது, கோடு போட்ட கையும் என்னுடையது.

"பல்லைத் தேய்ச்சு கேப் போடும்போது இதே கணக்குதான்" என்றார் டாக்டர் ஆறுதலாக. "கழியறதையும் சேர்த்துத்தான் அளக்கணும்."

இவர் சட்டைப் பையிலிருந்து பெட்டிகளில் ஒட்டும் விமான நிலையச் சீட்டுகளை எடுத்தார். மடித்தார். இன்னொரு மடிப்பு. குட்டைக் காலின் கீழே செருகினார். ஆட்டினேன். கட்டில் மலைபோல நின்றது.

மதியம் சுண்டெலி இரண்டு பெட்டிகளோடு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்று மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். கட்டிலின் அடியில் மேசை. மேசைமேல் விளக்கு. ஏணியில் விறுவிறுவென்று ஏறி, மெத்தையில் விழுந்து, பிசியோதெரபிஸ்ட் பாணியில் நாலு பக்கமும் உருண்டு சோதித்தாள்.

"அண்ணி, கொஞ்சம்கூட ஆடலையே!"

"ஆடாது" என்றார் டாக்டர். "கால் நான் வெட்டினது."

அவள் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "இவர் யாரு?"

"மேல் வீட்டு டாக்டர். நம்ம வீட்டு ரம்பக்காரர்."

அவள் ஃபோனை எடுத்தாள். நாங்கள் மூன்று பேரும் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தோம். "ஹலோ, வணக்கம்... ஆமா... இல்லைங்க, அங்க வர முடியாது. எனக்கு இங்க ரூம் கிடைச்சுடுச்சு." கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு ஆட்டினாள். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. அவசரமாக வாசலுக்குப் போனார்.

வாசலில் தங்கையின் இரண்டு பெட்டிகள் இருந்தன. கை பழக்கம், ஒன்றைத் தூக்கி எடை மெஷினில் வைத்துவிட்டார். எண் ஏறியது. குனிந்து பார்த்தார்.

"அண்ணா!" அறைக்குள்ளிருந்து சத்தம். "நான் ஒண்ணும் உன் பயணி இல்ல. கூடுதுன்னா என்ன பண்ணுவே? அண்ணியை வெளிய அனுப்புவியா?"

அவர் பெட்டியை இறக்கினார். குனிந்து மெஷினையே தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினார். திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது.

திங்கள்கிழமை என் ரம்பம் வந்தது. எடை போடாமல் உள்ளே வந்த முதல் கருவி. உடனே 'க்ளிக்' என்று பேட்டரியை மாட்டிப் பார்த்தேன். சுண்டெலி கட்டிலிலிருந்து கை தட்டினாள்.

அலமாரியில் வைத்த மெஷின் அன்று மாலைக்குள்ளேயே காணாமல் போயிருந்தது. யார் எடுத்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் மேலே 'தொம், தொம்' என்று டம்பெல்ஸ் விழும் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பதில் டாக்டருடைய மனைவியின் குரல் ஜன்னல் வழியாகத் தெளிவாக இறங்கி வந்தது.

"ட்ரில் வாங்கணும்னா வாங்கிக்கோங்க. ஆனா முதல்ல அந்த ரெண்டு இரும்பையும் இதுமேல வைங்க, எவ்வளவுன்னு பார்ப்போம்."